தங்கை படிப்புச் செலவு: யார் எதைக் கட்டுவது?

கேள்வி: கோவையில் மில் சூப்பர்வைசராக இருக்கிறேன், கைக்கு 28,000 ரூபாய் வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படித்த தங்கைக்குக் கவுன்சலிங்கில் தனியார் இன்ஜினியரிங் கல்லூரி கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு ஃபீஸ் 1 லட்சம், ஹாஸ்டல் 50,000. அப்பாவுக்கு டீக்கடை. "உன் பேர்ல பெர்சனல் லோன் போடு, பத்தலைன்னா அம்மா நகையை வெச்சுக்கலாம்" என்கிறார். தாய்மாமா "நான் பாத்துக்கறேன்" என்கிறார், எவ்வளவு என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். என்ன செய்யலாம்?
- வாசகர், கோவை

பதில்: பெர்சனல் லோன் வேண்டவே வேண்டாம் தம்பி. வட்டியும் அதிகம், அடுத்த மாதமே தவணையும் தொடங்கிவிடும். கடன் தங்கை பேரில் கல்விக்கடனாக இருக்கட்டும், அப்பா கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கிடையாது, நம் கைக்காசு இவ்வளவு போட வேண்டும் என்பதும் கிடையாது, படிப்பு முடிந்து 1 வருடம் வரை அசல் கட்டவும் வேண்டாம். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நாலு வருட ஃபீஸ் அதோடு சரி.

உங்கள் பங்கு, படிக்கும்போதே அந்த வட்டியைக் கட்டிவிடுவது. கடனை வருடா வருடம் 1 லட்சமாகத்தான் வங்கி விடுவிக்கும், அதனால் வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் முதல் வருடம் மாதம் 830 ரூபாய் சொச்சம்தான், நாலாவது வருடம் 3,300 சொச்சம். உங்கள் சம்பளத்தில் இது முடியும். பெண் வீட்டில் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால் அதுவே ஒரு பஞ்சாயத்து. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு, உங்கள் கல்லூரிக்குப் பொருந்துமா என்று வங்கியில் கேளுங்கள்.

மாமா விஷயம்தான் கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டியது. "பாத்துக்கறேன்" என்பது முதல் வருடம் தாராளமாக நடக்கும், மூன்றாம் வருடம் அவர் வீட்டிலேயே ஒரு விசேஷம் வந்தால் அவரும்தான் என்ன செய்வார்? அதனால் பொதுவாக உதவி கேட்காமல் ஒரு செலவை முழுசாக ஒப்படையுங்கள். "மாமா, ஹாஸ்டல் உங்க பொறுப்பு, ஒரு செமஸ்டருக்கு 25,000, இதுதான் அக்கவுண்ட் நம்பர்" என்று சொல்லிவிட்டால் அவருக்கும் தன் அளவு தெரியும். முடியாது என்றால் இப்போதே சொல்லட்டும், வருத்தமில்லை.

அப்பா கல்லாவிலிருந்து தினம் 100 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் மாதம் 3,000. புத்தகம், பரீட்சை ஃபீஸ், ஊருக்கு வந்துபோகும் செலவுக்கு ஆகும். தங்கைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும், கல்லூரி மூலமாக விண்ணப்பிக்க வேண்டும், அது அவள் கைச்செலவுக்கு. அம்மா நகை பீரோவிலேயே இருக்கட்டும், மாமா ஒரு செமஸ்டர் தவறினால் அப்போது பார்க்கலாம்.

கேள்வி: மகள் ஃபீஸை நானும் மனைவியும் பாதிப்பாதி கட்டுகிறோம். இருவரும் வரிச்சலுகை கேட்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: பழைய வரி முறையில் இருந்தால் கேட்கலாம், அவரவர் கட்டிய தொகைக்கு மட்டும், மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ஆளுக்கு 1.5 லட்சம் வரை. டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் கணக்கு, ஹாஸ்டலும் நன்கொடையும் சேராது. ரசீதை இருவர் பேரிலும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.