கொழும்பில் வாங்கும் கடல்மீன் ஹட்டன் வந்து ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லையே, ஏன்?

நீங்கள் சொன்னதை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். மூன்றடித் தொட்டி, ஒரு ஹீட்டர், கடலுப்புக் கரைத்த தண்ணீர். கொழும்பிலிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி மீனும் பவுடர் புளூ என்ற ஒரு நீலநிறக் கடல்மீனும் கொண்டுவந்தீர்கள். பையைத் திறந்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுப் பழக்கினீர்கள். ஒன்று மறுநாளே போனது, மற்றது அந்த வாரத்துக்குள் போனது.

நான் நுவரெலியாவில் கடல்மீன் வளர்க்கிறேன். உங்கள் தொட்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கடலில் பிடிபட்ட நாளிலிருந்தே அந்த மீனின் தெம்பு கரைந்துகொண்டு வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்கு, மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது மீன் பெரும்பாலும் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கமிருந்து வரும். சுழியோடி கையிலிருந்து சேகரிப்பவர், அங்கிருந்து கொழும்புக் கடை. தண்ணீர் கெடாமலிருக்க ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பட்டினி போடுவார்கள். அதனால் காசு கொடுக்கும் முன் இரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் தின்னாத மீனை வாங்கவே வேண்டாம். தின்றால் முற்பணம் கொடுத்து வைத்து, வயிறு காலியான பிறகு மறுநாள் எடுத்து வாருங்கள். மீனை நேர் எதிரே நின்றும் பாருங்கள். வயிறு ஒட்டியிருந்தால் தேற்றிவிடலாம். கண்ணுக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றிக் கத்தி போல இருந்தால் அது தேறுவது அபூர்வம்.

அடுத்தது பை. அவிசாவளை, கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றம் ஏறும்போது பையைத் தொட்டுப் பாருங்கள், விறைத்திருக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் வாயு விரிகிறது. கொழும்பில் இறுக்கிக் கட்டிய பையின் முடிச்சு இதில் கசியலாம், பவுடர் புளூவின் வாலடி முள் பட்டால் பையே கிழியலாம். கொஞ்சம் தளர்வாகக் கட்டி, தனி ஒட்சிசன் அடித்து, இரட்டைப் பையில் போட்டு, ரெஜிபோம் பெட்டியில் வைத்துத் தரச் சொல்லுங்கள். பெட்டி இருட்டாக இருப்பதும் நல்லது, மீன் அடங்கிக் கிடக்கும்.

இப்போது அந்த ஒரு மணி நேரச் சொட்டு. மணிக்கணக்கில் பைக்குள் மூச்சுவிட்ட மீன் கரியமில வாயுவையும் அமோனியாவையும் சேர்த்து வைத்திருக்கும். கரியமில வாயு தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, குறைப்பதால் அமோனியாவின் பெரும்பகுதி விஷம் குறைந்த வடிவில் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதே அமோனியா செவுளைச் சுடத் தொடங்கும். அதற்குள்ளேயே ஒரு மணி நேரம் வைத்துப் பழக்குவது, பக்கத்துத் தெருவில் வாங்கி வந்த மீனுக்குச் சரி. மலையேறி வந்த மீனுக்கு ஆகாது. பையைத் திறக்காமலே அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்குங்கள். திறந்த பிறகு தாமதம் வேண்டாம். வலை முள்ளில் மாட்டும், ஆகவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மீனை ஏந்தி எடுத்து விடுங்கள். பைத்தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

இதைச் செய்ய உப்பளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பல கடைகளில் ஒட்டுண்ணிக்குப் பயந்தும் உப்புச் செலவைப் பார்த்தும் உப்புமானியில் 1.020 காட்டும் அளவில் வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டி வழக்கமான கடல்நீர் அளவான 1.025 என்று வைத்துக்கொள்வோம். உப்பு குறைந்த தண்ணீருக்கு மீனை இறக்குவது பெரிதாகப் பாதிக்காது. திடீரென்று ஏற்றுவதுதான் கொல்லும். கடையில் கேட்டு அல்லது அளந்து, புது மீனை முதலில் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியை அதே அளவில் தயாராக வைத்து, பிறகு நாளுக்கு 0.001, 0.002 என்று ஏற்றுங்கள்.

தனிமைத் தொட்டி ஆடம்பரம் இல்லை. ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டும், பெரிய தொட்டியில் சில வாரம் ஊறப்போட்ட ஸ்பொஞ்ச் ஃபில்டரும் போதும். மண்ணும் கல்லும் வேண்டாம். முதல் நாள் விளக்கே போடாதீர்கள்.

இனி நம்மூர் சங்கதி. கடல் மட்டத்தில் 26 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 6.6 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே அதே தண்ணீர் 5.3 அளவில்தான் பிடிக்கும். ஹட்டனில் ஏழில் ஒரு பங்கு குறையும். எவ்வளவு குமிழி விட்டாலும் அந்த உச்சவரம்பைத் தாண்டாது, குமிழி இல்லாவிட்டால் அந்த அளவையும் எட்டாது. குளிருக்காக நாம் சன்னலையும் அடைக்கிறோம், தொட்டி மூடியையும் இறுக்கி மூடுகிறோம். செவுள் ஏற்கனவே புண்ணான மீன் இதில் எப்படிப் பிழைக்கும்? ரெஜிபோம் தகட்டை அடியிலும் மூன்று பக்கத்திலும் ஒட்டுங்கள், மேலே மட்டும் காற்றுப் போக இடம் விடுங்கள். நீர்ப்பரப்பு எப்போதும் அலைய வேண்டும். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் சூட்டை 30 பாகைக்கு ஏற்றச் சொல்லும் யோசனையை இங்கே கேட்காதீர்கள், சூடு ஏற ஒட்சிசன் இன்னும் குறையும். 25, 26 போதும்.

லீற்றருக்கு ஒரு வாட் என்ற ஹீட்டர் கணக்கு நம் குளிருக்குப் போதாது. 100 லீற்றருக்கு 150 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். கரண்ட் போனால் ஓடப் பற்றரிக் காற்றுப் பம்ப் ஒன்றும் கட்டாயம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு இருந்தது மறந்திருக்காது.

நோயில் இரண்டைப் பிரித்தறியப் பழகுங்கள். உப்புக்கல் போல எண்ணக்கூடிய புள்ளி என்றால் வெள்ளைப் புள்ளி நோய். மாவு தூவியது போல மெல்லிய படலம், வேகமான மூச்சு, பம்ப் தண்ணீருக்கு நேரே போய் நிற்பது, இதெல்லாம் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். அது சில நாளிலேயே கொல்லும். உங்கள் பவுடர் புளூ எப்படி மூச்சுவிட்டது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் செம்பு மருந்து கேட்கும், ஆனால் சோதனைக் கிட் இல்லாமல் ஒரு சொட்டும் விடாதீர்கள். செப்புச் சல்பேற் மருந்து என்றால், கிட் காட்டும் செம்பு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் இருப்பதுதான் வேலை செய்யும் அளவு. குறைந்தால் பயனில்லை, கூடினால் மீன் போய்விடும். தனிமைத் தொட்டியில் மட்டும்தான், இறால் நண்டு இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. புது மீன் நான்கு முதல் ஆறு வாரம் தனிமைத் தொட்டியிலேயே இருக்கட்டும்.

தீனிக்கு, முட்டையிலிருந்து பொரித்த ஆர்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால் குஞ்சு அடம்பிடிக்கும் மீனையும் வாய் திறக்க வைக்கும். முட்டைக்கு 25 முதல் 28 பாகை வரை சூடு வேண்டும். சமையலறை மேசையில் வைத்தால் நம்மூர் குளிரில் சரியாகப் பொரியாது, போத்தலைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். தின்னத் தொடங்கியதும் பொடியாக அரிந்த பச்சை இறால் கொடுக்கலாம். பவுடர் புளூவுக்குக் கடற்பாசித் தாள் தினமும் வேண்டும்.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனம் உயிருள்ள பவளத்தை மட்டுமே கொறிக்கும். நம் நாட்டில் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது சட்டவிரோதம், எடுக்கவும் கூடாது. ஆகவே அந்த இனங்களை எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள். பவுடர் புளூ ஓடி நீந்தும் மீன், மூன்றடி அதற்குச் சிறை. ஐந்தடித் தொட்டி வைக்கும்வரை பொறுங்கள். இப்போதைக்கு ஒரு சோடி நீமோ போதும், வளர்ப்பில் பொரித்தது கிடைத்தால் இன்னும் நல்லது.

வாங்கும் முன் இரண்டு அளவு எடுத்து இங்கேயே கீழே எழுதுங்கள்: தொட்டியின் அமோனியா, அதிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீரின் வெப்பநிலை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.