குழந்தை மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது: ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

திருப்பூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். முதல் குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது, பெண். பிறந்தபோது 2.8 கிலோ இருந்தாள், இப்போது 5.4 கிலோ. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது, அழுதால் உடனே தூக்கிக்கொள்வது, சாதாரணச் சளிக்கெல்லாம் மருந்து கொடுக்காமல் பொறுத்துப் பார்ப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். பிரசவம் நடந்த மருத்துவமனையின் குழந்தை மருத்துவர், எடை போதாது என்று பால் பவுடர் எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, "டாக்டர் நானா, நீங்களா?" என்றார். என் மாமியாருக்கு அவர்மீதுதான் நம்பிக்கை. தோழி சொன்ன இன்னொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் நிதானமாகப் பேசி, நாங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். இனிப் போட வேண்டிய தடுப்பூசிகளைக்கூட இரண்டு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். 14 வார ஊசி வரை போட்டாகிவிட்டது. இவரிடமே மாறிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

முதலாமவரை விட்டு விலக நினைப்பதில் தவறில்லை. ஆனால் இரண்டாமவரிடம் போக வேண்டாம் என்பதே என் கருத்து. நான் மருத்துவர் இல்லை. ஆகவே, உங்கள் குழந்தையைப் பற்றிய முடிவை அவளை நேரில் பார்க்கும் ஒருவரே சொல்ல வேண்டும். மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உங்கள் வளர்ப்பு முறை என்று நீங்கள் எழுதியிருப்பதில் இரு வேறு வகையான விஷயங்கள் கலந்திருக்கின்றன. அழுதவுடன் தூக்குவதா, தூளியில் போடுவதா, அருகில் படுக்க வைத்துக்கொள்வதா என்பவற்றில், குழந்தையின் பாதுகாப்பு கெடாத வரையில், வீட்டின் முடிவே முடிவு. மருத்துவரின் விருப்பத்துக்கு அங்கே பெரிய இடமில்லை. எடையும் தடுப்பூசியும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் நம்முடன் ஒத்துப்போகும் மருத்துவரைத் தேடத் தொடங்கினால், நாம் ஏற்கெனவே நம்புவதை நமக்கே திருப்பிச் சொல்பவரிடம்தான் போய்ச் சேருவோம். நிதானமாகப் பேசியும் ஓரிடத்தில்கூட மறுத்துப் பேசாத மருத்துவரைப் பற்றி எனக்கு ஐயமே எழுகிறது.

நீங்கள் இதுவரை போட்ட ஊசிகளையே எண்ணிப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசி காக்கும் ஐந்து நோய்களில் கக்குவான் இருமலும் ஒன்று. அது பிறந்த சில மாதங்களுக்குள் வந்தால்தான் உயிரைப் பறிக்கும் அபாயம் மிகுதி. அட்டவணை அத்தனை சீக்கிரம் தொடங்குவதற்கு அதுவே காரணம். அடுத்து ஒன்பதாம் மாதத்தில் வரும் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் உடலில் இருக்கும்வரை அந்த ஊசி சரியாக வேலை செய்யாது, அது தேய்ந்த பிறகு குழந்தைக்கு வேறு காவல் இல்லை. தள்ளிப்போடச் சொல்பவர் இந்தக் கணக்கில் எந்த இடத்தில் பிழை காண்கிறார் என்று உங்களிடம் சொன்னாரா? 2017 பிப்ரவரியில் இதே ஊசிக்கான முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கியது உங்களுக்கும் நினைவிருக்கலாம். அந்தத் தயக்கம் ஒரு மருத்துவரின் வாயிலிருந்து கனிவாக வரும்போது அதை எதிர்ப்பது இன்னும் கடினம்.

எடை விஷயத்தில் முதலாமவர் கவலைப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம், டெல்லி உட்பட ஆறு நாடுகளின் ஊர்களில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. அதன்படி நான்கு மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 6.4 கிலோ, எடைக்குறைவு என்று கருதப்படும் எல்லை 5 கிலோ. உங்கள் மகள் எல்லைக்குள்தான் இருக்கிறாள். ஆனால் 2.8 கிலோவில் பிறந்தவள் அப்போது இருந்த கோட்டிலேயே ஏறியிருந்தால் இன்று 5.7 கிலோவை ஒட்டி இருந்திருப்பாள்; சற்றே கீழே இறங்கியிருக்கிறாள். இது பீதிக்குரியதும் அல்ல, புறக்கணிக்கத்தக்கதும் அல்ல. நல்ல மருத்துவர் இந்த இடத்தில் முந்தைய மாதங்களின் எடைகளை வரைபடத்தில் குறித்துப் பார்ப்பார், குழந்தை மார்பைப் பற்றிக் குடிக்கும் விதத்தை உங்களைக் கொடுக்கச் சொல்லிக் கவனிப்பார், நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா, இரவில் குடிக்கிறாளா என்று கேட்பார், இரண்டு வாரம் கழித்து அதே தராசில் உடையின்றி மீண்டும் எடை போடுவார். இவ்வளவும் செய்த பிறகும் ஏறவில்லையென்றால் அவரும் பால் பவுடர் எழுதக்கூடும். அப்போது நீங்கள் அதை ஏற்கத்தான் வேண்டும். முதலாமவர் இதையெல்லாம் தாண்டி நேரே டப்பாவுக்குப் போய்விட்டார், கேள்வி கேட்ட தாயையும் அவமதித்தார். அவரிடமிருந்து விலக அதுவே போதுமான காரணம்.

பால் பவுடர் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருள்களை விளம்பரப்படுத்துவதையும், மருத்துவமனைகளில் அவற்றுக்குச் சுவரொட்டி வைப்பதையும், மருத்துவப் பணியாளர்களுக்கு நிறுவனங்கள் பரிசளிப்பதையும் 1992-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஒரு கிளினிக்கின் சுவரில் அத்தகைய நிறுவனத்தின் நாள்காட்டி தொங்கினால், உள்ளே போகுமுன் யோசிக்கலாம்.

மூன்றாவது ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மாலை நேரத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு ஐம்பது பேர் காத்திருக்கும் இடத்தில் நீண்ட உரையாடலை எதிர்பார்ப்பது நியாயமாகாது. நோயில்லாத ஒரு நாளில், கூட்டம் குறைவான வேளையைக் கேட்டறிந்து செல்லுங்கள். உங்கள் கொள்கைகளை வரிசையாக ஒப்பிக்காமல், "சாதாரணச் சளிக்கு மருந்து கொடுக்காமல் எத்தனை நாள் பார்க்கலாம், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஓடிவர வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். பால் குடிக்க மறுத்தல், மூச்சு வாங்கும்போது நெஞ்சு உள்ளிழுத்தல், வலிப்பு, எழுப்பியும் விழிக்காத சோர்வு என்று அவர் சொல்லத் தொடங்கினால், நம்பி உட்காரலாம். சளி விஷயத்தில் உங்கள் பொறுமைக்கு இன்று அரசின் ஆதரவே இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் நச்சு கலந்திருந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த பிறகு, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதக் கூடாது என்று மத்தியச் சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. அதை அறிந்த மருத்துவருக்கு உங்கள் கேள்வி எரிச்சலூட்டாது.

உங்கள் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள், வெளியே உட்கார வைத்துவிடாதீர்கள். சேனை (பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது), வசம்பு, கல்லில் உரசிக் கொடுக்கும் உரை மருந்து, மூக்கில் எண்ணெய் விடுவது பற்றியெல்லாம் பாட்டிமார்களிடம் கோபப்படாமல் கேட்டறிகிற மருத்துவர், மற்ற எவருக்கும் தெரியவராததைத் தெரிந்துகொள்கிறார். திட்டும் மருத்துவரிடம் குடும்பங்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஒரு வயதுக்குள் தேன் ஏன் கூடாது, மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்று மாமியாரிடம் மதிப்போடு விளக்குபவர், உங்களிடமும் அப்படியே பேசுவார்.

தடுப்பூசிக்காக எந்த மருத்துவரையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை. புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ இலவசமாகவே போடுகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் எடையும் போட்டுக்கொள்ளலாம். இந்தப் புதன்கிழமையே எடை போட்டுக் குறித்து வாருங்கள், ஏனெனில் மருத்துவரைத் தேடி முடிக்கும்வரை எடைக் கேள்வி காத்திருக்காது. பழைய மருத்துவமனையின் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். புதியவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் நகரத்தின் மறுகோடியில் இருந்தால், நள்ளிரவில் மூச்சுத் திணறும் குழந்தையோடு நீங்கள் அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டியிருக்கும். அங்கே அந்த முதல் மருத்துவரே பணியில் இருந்தாலும் தயங்காமல் உள்ளே போங்கள்.