கேம் சென்சார் எங்கே இருக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

2013 ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்தவர் "கேம் சென்சார் எரர்" என்றார். போனட்டைத் திறந்து அரை மணி நேரம் தேடியும் அகப்படவில்லை. எங்கேதான் இருக்கும்? (திருப்பூர்)

சென்சாரைத் தேடாதீர்கள், கேம்ஷாஃப்ட்டைத் தேடுங்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டு அது; இன்ஜின் ஹெட்டில், மேல் கவருக்கு அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை படுத்திருக்கும். அது சுற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற கண்தான் இந்த சென்சார். அதனால் பெரும்பாலும் ஏதாவது ஒரு முனையில்தான் இருக்கும். ஒரு முனையில் டைமிங் செயினும் ஃபேன் பெல்ட்டும், மறுமுனையில் கியர்பாக்ஸ். உங்கள் கே சீரிஸ் இன்ஜினில் கியர்பாக்ஸ் பக்கம். ஃபேன் பெல்ட் ஓடுகிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்முனையில் ஹெட்டைப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக், அதைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு போல்ட், மூன்று வயர் போகும் கப்ளர் (வயரை மாட்டும் பிளக்). கண்ணுக்கு எட்டாத சந்து என்றால் செல்போனில் டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள். நானே அப்படித்தான் பார்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. வால்வு டைமிங்கை மாற்றும் ஆயில் கன்ட்ரோல் வால்வும் ஹெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். அதைக் கேம் சென்சார் என்று நினைத்துக் கழற்றியவர்கள் உண்டு. அதற்கு இரண்டே வயர், உடம்பு தடிமனான உலோக உருளை.

2008 இன்னோவா டீசல். டைமிங் பெல்ட் மாற்றிய மறுநாளே செக் இன்ஜின் லைட் எரிகிறது. கேம் சென்சார் போய்விட்டதா? (நாமக்கல்)

ஒரே நாளில் போயிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் வண்டியில் அந்த சென்சார் பெல்ட் கவர் பக்கம் இருந்துகொண்டு கேம் புல்லியைப் பார்க்கிறது. பெல்ட் மாற்றியவர் கை அங்கேதான் போயிருக்கும். கப்ளர் 'டக்' என்று உட்காராமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். கப்ளர் சரியாக இருக்கிறதா, அப்படியானால் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று மார்க்கைப் பார்க்க வேண்டும். கேமும் கிராங்கும் (பிஸ்டன்கள் சுற்றும் கீழ்த் தண்டு) ஒத்துப்போகவில்லை என்றால் ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, பி0016 என்ற எரர் எண்ணைக் காட்டலாம். பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். டீசல் இன்ஜினில் டைமிங் நன்றாக விலகினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், அப்புறம் செலவு பெல்ட்டோடு நிற்காது.

ஸ்கேனரில் பி0340 என்ற எரர் எண் வருகிறது. இரண்டு முறை புது சென்சார் போட்டும் போகவில்லை. சென்சார் டூப்ளிகேட்டா? (மதுரை)

இருக்கலாம். ஆனால் பி0340 என்ற எண் "சென்சார் கெட்டுவிட்டது" என்று எங்கேயும் சொல்லவில்லை. கேம் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்கிறது, அவ்வளவுதான். சென்சார், கப்ளர், வயர், எர்த், ஈசியூ வரை எல்லாம் அந்த சர்க்யூட்டில் அடக்கம். ஸ்கேனரில் பெயரைப் பார்த்ததும் கடைக்கு ஓடுவதுதான் இதில் நடக்கிற பெரிய தப்பு.

முதலில் கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். எண்ணெய் ஊறியிருக்கிறதா, உள்ளே உள்ள உலோகப் பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா? பிறகு வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது எலியைத்தான். சில நாள் ஓடாமல் நின்ற வண்டியாக இருந்தால் இன்னும் சந்தேகம். போன மாதம் ஒரு காரில் டேப் சுற்றிய கட்டுக்குள் ஒரே ஒரு வயர் மட்டும் முக்கால்வாசி கடிபட்டு, இரண்டு மூன்று செம்பு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. குலுங்கினால் எரர், நின்றால் சரி. அந்த வண்டியிலும் ஏற்கெனவே புது சென்சார் போட்டிருந்தார்கள்.

சூடானதும் வண்டி நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. கேம் சென்சாரா, கிராங்க் சென்சாரா? (வேலூர்)

எனக்கு முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். கிராங்க் சிக்னல் அடியோடு போனால் பெரும்பாலான இன்ஜின் ஓடாது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையாமல் கிடந்தால் அது நல்ல துப்பு. கேம் சிக்னல் மட்டும் போனால் பல பெட்ரோல் வண்டிகள் கொஞ்சம் அதிக நேரம் செல்ஃப் அடித்த பிறகு எப்படியோ ஓடிவிடும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. எந்தச் சுற்றில் எந்த சிலிண்டர் என்று பிரித்துச் சொல்வதுதான் கேம் சென்சாரின் வேலை. அது இல்லாவிட்டால் ஈசியூ குத்துமதிப்பாகச் சமாளிக்கும். எல்லா வண்டியும் அப்படிச் சமாளிக்காது, சில டீசல்கள் ஸ்டார்ட்டே ஆகாது.

வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது. நானே சோதிக்கலாமா? (கோவை)

தாராளமாக. மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை, காந்தப்புலத்தை உணரும் மின்னணு சென்சார். அதை ஓம்ஸ் வைத்து அளக்காதீர்கள். ஏதோ ஒரு எண் வரும், அதற்கு அர்த்தம் இல்லை. கப்ளரைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, வண்டிக்குத் தகுந்தபடி 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் இல்லாவிட்டால் சென்சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டும் சரி என்றால் கப்ளரை மாட்டி, பின்பக்கமாக சிக்னல் வயரில் மெல்லிய ஊசி நுழைத்து, கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றினால் வோல்ட்டேஜ் ஏறி இறங்க வேண்டும். இன்ஜெக்டர், காயில் கப்ளர்களைக் கழற்றிய பிறகே சுற்றுங்கள், கை பத்திரம். இரண்டு வயர் என்றால் காயில் வகை. அதை ஓம்ஸில் அளக்கலாம்.

போல்ட்டைக் கழற்றிவிட்டேன், சென்சார் வர மறுக்கிறது. (திருச்சி)

ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து ஒட்டியிருக்கும். இடமும் வலமுமாகத் திருகித் திருகி ஆட்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பாதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் நெம்பி, தலை கையோடு வந்து உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது. மரத்துக்குப் போடும் ஸ்க்ரூவை அந்த பிளாஸ்டிக்கில் ஏற்றி, அதைப் பிளையரால் பிடித்து இழுத்து எடுப்பதற்குள் ஒரு மதியம் போனது. புதியதை மாட்டும்போது ஓ ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவுங்கள். போல்ட் ஏறுவது அலுமினியத்தில்; பலம் காட்ட வேண்டாம்.

என்னிடம் 1995 அம்பாசடர் பெட்ரோல். கேம் சென்சார் எங்கே? (காரைக்குடி)

இல்லை ஐயா. கார்புரேட்டர் வண்டியில் எந்த சிலிண்டருக்கு எப்போது ஸ்பார்க் என்று பிரித்துக் கொடுக்கும் வேலை டிஸ்ட்ரிபியூட்டருடையது. அதனுள் இருக்கும் பாயின்ட்டைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிபாருங்கள்.