மகள் மெட்டலர்ஜி கேட்கிறாள், அப்பாவுக்குப் புகை பயம்

வணக்கம்ங்க அண்ணா.

கோவை கணபதிப் பக்கம் பவுண்டரியில் (வார்ப்பாலையில்) பாதி ஆயுளைக் கழித்தவர் நீங்கள். இப்போது மகள் மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல், படிக்கணும் என்கிறாள். "நான் குடித்த புகையை என் பாப்பாவும் குடிக்கணுமா? மாசு என்று உருக்காலைகளையே மூடுகிறார்களாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதில் இரண்டு வேறு புகைகள் இருக்கின்றன.

ஒன்று மூச்சை அடைப்பது: தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கரி) அடுப்பு கசிந்தால் பென்சீன். இவற்றில் பெரும்பகுதியைப் பேக் ஃபில்டர் (தூசியைப் பிடிக்கும் துணிப் பை), ஸ்க்ரப்பர் (புகையைக் கழுவும் கருவி) போன்றவற்றால் பிடித்துவிடலாம், முதலாளிக்குச் செலவழிக்க மனசு இருந்தால்.

இன்னொன்று கரியமில வாயு. இதற்குப் பை கட்டித் தப்பிக்க முடியாது. உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோக் எரித்து உருக்கும் கியூபோலா உலையைத் தூக்கிவிட்டு மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் வைத்தார்கள், பட்டறையில் கோக் போய்விட்டது. ஏனென்றால் அங்கே உருக்கியது ஏற்கெனவே இரும்பாக இருந்த ஸ்கிராப்பையும் (பழைய இரும்பு) பிக் அயர்னையும் (தாதுவிலிருந்து எடுத்த கட்டி இரும்பு). கோக் வெறும் எரிபொருள். தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸ் கதை வேறு. அங்கே தாதுவில் இரும்போடு ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்குவதே கோக்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு. அது ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. அந்த வழியில் ஒரு டன் உருக்குக்கு உலக அளவில் சராசரியாக 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு போகிறது. ஸ்கிராப்பை மின்வில் உலையில் (மின்பொறிச் சூட்டில் உருக்கும் உலை) உருக்கினால், மின்சாரக் கணக்கையும் சேர்த்து, ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். இரண்டு வழியும் நம் சேலம் மாவட்டத்திலேயே இருக்கின்றன: பொட்டனேரியில் பிளாஸ்ட் ஃபர்னஸ், சேலம் உருக்காலையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மின்வில் உலை.

எல்லாவற்றையும் ஸ்கிராப்பிலேயே செய்ய முடியுமா? அவ்வளவு ஸ்கிராப் கிடையாது. அதனால் கார்பனுக்குப் பதில் ஹைட்ரஜனை வைத்துத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்; அப்போது மிஞ்சுவது நீராவி. சுவீடனின் லூலியோவில் 2021-இல் சோதனை ஆலையில் செய்தே காட்டினார்கள். இன்னும் விலை கட்டுப்படியாகவில்லை. அதைக் கட்டுப்படியாக்குவது மெட்டலர்ஜி, கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்கள் கையில்தான் இருக்கிறது.

மூடுவது பற்றி: பிரிட்டனில் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் 2024 செப்டம்பரில் கடைசி பிளாஸ்ட் ஃபர்னஸை நிறுத்தியது உண்மை. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனதும் உண்மை. ஆனால் அதே இடத்தில் மின்வில் உலை கட்டுகிறார்கள். நம் நாட்டின் 2017 உருக்குக் கொள்கையோ 2030-31-க்குள் ஆண்டுக்கு 30 கோடி டன் உற்பத்தித் திறன் வேண்டும் என்கிறது. இதற்கிடையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி (இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்கு அங்கே போடும் கட்டணம்) 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. போல்ட், நட் அனுப்புகிறவர்களிடம்கூட உமிழ்வுக் கணக்கு கேட்கிறார்கள். அதை ஒழுங்காகப் போடத் தெரிந்த ஆள் இங்கே குறைவு.

சரி, என்ன எடுக்கலாம்? பாப்பாவுக்கு வேதியியலும் இயற்பியலும் பிடித்தால் மெட்டலர்ஜியே எடுக்கட்டும். கோவை பிஎஸ்ஜி டெக், சேலம் அரசு பொறியியல் கல்லூரி இரண்டையும் கவுன்சலிங் பட்டியலில் மேலே வையுங்கள். ஜேஇஇ மதிப்பெண் இருந்தால் திருச்சி என்ஐடி. கிடைக்காவிட்டால் கெமிக்கல். பெயரில் 'சுற்றுச்சூழல்' இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு படிப்பில் சேர்க்காதீர்கள். உலைக்குள் நடப்பது தெரியாமல் சிம்னியை மட்டும் அளப்பவருக்கு ஆலையில் மதிப்பு கம்மி. பிளஸ் டூ முடித்த கையோடு 'கார்பன் சர்டிஃபிகேட்' என்று பணம் கேட்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வு மாதிரியானவை பட்டமும் வேலை அனுபவமும் வந்த பிறகுதான்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் சம்பளம் பெரும்பாலும் சாஃப்ட்வேரைவிடக் குறைவு. ஷிஃப்ட் உண்டு, வெக்கை உண்டு. பெரிய ஆலைகள் ஜாம்ஷெட்பூர், ரூர்கேலா, தோரணகல் என்று தூரத்தில் இருக்கின்றன. வெளியூர் அனுப்ப அண்ணிக்குச் சம்மதமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள், சாய்ஸ் ஃபில்லிங் (கவுன்சலிங்கில் கல்லூரி விருப்பப் பட்டியல் பதிவது) அன்றைக்கு ராத்திரி வேண்டாம். அப்புறம், கல்லூரிக்கு நேரில் போகும்போது லேபில் உலை ஓடுகிறதா, துணி போர்த்தி வைத்திருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். அதை உங்களைவிடச் சரியாகக் கண்டுபிடிப்பவர் யாருமில்லை.