பால் பவுடரும் நாட்டு மானமும்

வணக்கம்.

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் மசாலாப் பொடிகளை நிறுத்தியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநாசினி வாயு இருந்ததாக அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதே பொருளை அமெரிக்கா அனுமதிக்கிறதே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வீட்டுக் குறையை வீட்டுக்குள் பேசலாம். ஊரறியப் பேசினால் மிளகாய் விவசாயிக்குத்தானே நஷ்டம்? சீனாவைப் பாருங்கள். அங்கே யாராவது தங்கள் நாட்டின் பெயரை இப்படிக் கெடுக்கத் துணிவார்களா?

சிவராமன், கரூர்

அன்புள்ள சிவராமன்,

அமெரிக்கா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அங்கே மசாலாப் பொருள்களில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1தான். அதை நான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் சரக்கை வாங்குகிறவன் ஊர்ச் சட்டம்தான் விற்கிறவனுக்கும் சட்டம். அதோடு, இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. 2020இலேயே நம் எள்ளில் இதே எத்திலீன் ஆக்சைடு இருப்பதை ஐரோப்பா கண்டுபிடித்து, அந்த எள் சேர்ந்த ரொட்டி, பிஸ்கட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. நாலு வருடம் கழித்து மசாலாவில் மாட்டிக்கொண்டோம். அதைப் பற்றித்தான் எனக்கு எரிச்சல்.

சீனாவை நீங்களே இழுத்து வந்துவிட்டதால் சொல்கிறேன்.

நம் வீட்டு அலமாரியில் இருக்கிறதே மெலமைன் தட்டு, அதைச் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற ரசாயனத்தைத்தான் அங்கே பாலில் கலந்தார்கள். பாலில் தண்ணீர் ஊற்றினால் புரதம் குறையும். ஆனால் சோதனைக்கூடம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து கணக்குப் போடும். மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். ஆகவே தண்ணீர்ப் பாலும் கெட்டிப் பாலாகத் தேறியது. குடித்த கைக்குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டானது. சான்லூ என்ற பெரிய நிறுவனத்துக்கு 2007 இறுதியிலிருந்தே புகார்கள் வந்துகொண்டிருந்தன. அதன் பாலுக்கோ அரசுச் சோதனையிலிருந்து விலக்கே இருந்தது, நல்ல பெயர் எடுத்த நிறுவனம் என்பதால்.

சான்லூவில் 43 சதவீதப் பங்கு வைத்திருந்தது நியூசிலாந்தின் பால் நிறுவனமான ஃபான்டெரா. அதற்கு விஷயம் தெரிந்தது 2008 ஆகஸ்ட் 2. பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கியது ஆகஸ்ட் 8. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் யார் வாயைத் திறப்பார்கள்? உள்ளூர் அதிகாரிகள் மேலிடத்துக்குச் சொல்லவில்லை. குழந்தைகள் தொடர்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் பெய்ஜிங்குக்கு நேரடியாகத் தகவல் அனுப்பச் சொன்னார். செப்டம்பர் 11 அன்று ஷாங்காய் பத்திரிகையாளர் ஜியான் குவாங்ஜோ நிறுவனத்தின் பெயரைப் போட்டு எழுதினார். ஆகவே, அங்கேயும் துணிந்தவர்கள் இருந்தார்கள் என்பதே உங்கள் கேள்விக்குப் பதில். ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

தண்டனைகள் கடுமையாகத்தான் இருந்தன. இரண்டு பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சான்லூவின் தலைவிக்கு ஆயுள் சிறை. ஆனால் பாதிக்கப்பட்ட பெற்றோரை ஒன்றுதிரட்டிய ஜாவோ லியன்ஹாய் என்ற தந்தைக்கும் 2010இல் இரண்டரை ஆண்டுச் சிறை விதித்தார்கள். பொது அமைதியைக் குலைத்தாராம். அவருடைய மகனும் அந்தப் பாலைக் குடித்து நோயுற்றவன்தான்.

இத்தனை செய்தும் தாய்மார்களின் நம்பிக்கை திரும்பவில்லை. சீனத்து மக்கள் ஹாங்காங்குக்குப் போய் வெளிநாட்டுப் பால் பவுடரைக் கடை கடையாக வாரிக்கொண்டு வந்தார்கள். உள்ளூர்க் குழந்தைகளுக்கே இல்லை என்ற நிலை வந்ததும், 2013 மார்ச் முதல் ஹாங்காங்கை விட்டுப் போகிறவர் ஆளுக்கு இரண்டு டப்பாவுக்கு மேல் எடுத்துப்போகக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மீறினால் சிறைகூட உண்டு. ஒலிம்பிக் மேடையில் கட்டிய பெயரைச் சொந்த நாட்டுத் தாய்களே நம்பவில்லை.

விவசாயிக்கு அடி என்கிறீர்கள். உண்மை. சீனாவிலும் பால்மாடு வைத்திருந்தவர்கள் வாங்க ஆளில்லாமல் பாலைக் கீழே கொட்டினார்கள். அவர்களை அந்த நிலையில் விட்டது பத்திரிகைச் செய்தியா, அதற்கு முந்தைய மாதங்களின் மௌனமா?

இன்னொன்று. 2008 செப்டம்பரில் இந்தியாவும் சீனப் பால்பொருள்களுக்குத் தடை விதித்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் அதை நீட்டித்துக்கொண்டே போனது. சீனாவின் வளர்ச்சி பொறுக்காமல் நாம் செய்த வேலை அது என்று இங்கே யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.