கடைக்காரர் சாவி கொடுத்தால் போதுமா? வெளிநாட்டில் பைக் வாடகை: கேள்வி-பதில்

கேள்வி: இன்னும் மூன்று வாரத்தில் குடும்பத்தோடு தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவுக்குப் போகிறோம். என்னிடம் கார் லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. ஆனால் ஊரில் பல வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். அங்கே பாஸ்போர்ட்டைக் காட்டினாலே வண்டி தருகிறார்களாமே, எடுக்கலாமா? - வாசகர், திருப்பூர்

இந்தப் பயணத்தில் வேண்டாம். வண்டி தருவார்கள் என்பது உண்மைதான். ஒரு நாளைக்கு 200, 300 பாட் வாடகைக்கு லைசென்ஸே கேட்காமல் சாவியை நீட்டும் கடைகள் நிறைய உண்டு. ஆனால் லைசென்ஸ் இருக்கிறதா என்ற கேள்வியைப் போலீஸ் கேட்கும். அதைவிட முக்கியமாக, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும்.

இந்தியாவும் தாய்லாந்தும் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அதனால் நம் ஆர்.டி.ஓ. தரும் ஐ.டி.பி. என்கிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும். ஆனால் அந்தப் புத்தகத்தில் வாகன வகைகள் ஏ, பி, சி என்று வரிசையாக இருக்கும். ஏ என்றால் மோட்டார் சைக்கிள், பி என்றால் கார். உங்கள் இந்திய லைசென்ஸில் எந்த வகை இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் முத்திரை விழும். கார் லைசென்ஸை வைத்து ஐ.டி.பி. எடுத்தால் பி மட்டும் கிடைக்கும். அதைக் காட்டி ஸ்கூட்டர் ஓட்டினால், ஸ்கூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். இங்கே நம் ஊரிலும் அதே நிலைதான். பிடிபடாததால் தெரியவில்லை, அவ்வளவே.

சோதனைச் சாவடியில் மாட்டினால் போகிற அபராதம் பெரிய தொகை இல்லை. அதைக் கட்டிய ரசீது இருந்தால் மூன்று நாள் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ரசீது லைசென்ஸ் ஆகாது, நம்பாதீர்கள். பயப்பட வேண்டியது ஆஸ்பத்திரி பில்லுக்கு. தாய்லாந்தில் ஒவ்வொரு வண்டிக்கும் 'போ ரோ போ' என்ற கட்டாயக் காப்பீடு உண்டு. கடைக்காரர் "இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மணலில் சறுக்கி நீங்களே விழுந்தால், சிகிச்சைக்கு அதிலிருந்து அதிகபட்சம் 30,000 பாட்தான் வரும், நம் கணக்கில் ஒரு லட்சத்துக்கும் குறைவு. கால் எலும்பு உடைந்து தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தால் பில் பல லட்சத்துக்குப் போகும். மீதிக்கு உங்கள் டிராவல் இன்ஷூரன்ஸைத்தான் நம்ப வேண்டும். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டி ஏற்பட்ட காயத்துக்குப் பணம் கிடையாது என்பது அந்தப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் விதி. க்ளெய்ம் போட்டதும் முதலில் கேட்பதே லைசென்ஸ் நகலையும் போலீஸ் அறிக்கையையும்தான். ஹெல்மெட், மது, இன்ஜின் சிசி பற்றியும் நிபந்தனை இருக்கலாம். பாலிசியில் 'விலக்குகள்' பகுதியை மட்டுமாவது இன்றைக்கே படித்துவிடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு முறையாகச் செய்யலாம். உங்கள் லைசென்ஸில் 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' வகையைச் சேர்க்க முதலில் எல்.எல்.ஆர். எடுங்கள். 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். புது வகை லைசென்ஸில் ஏறிய பிறகு, மத்திய அரசின் பரிவாகன் சாரதி இணையதளத்தில் ஐ.டி.பி.க்கு விண்ணப்பியுங்கள். படிவம் 4-ஏ, கட்டணம் 1,000 ரூபாய், பாஸ்போர்ட் நகல், போட்டோ. அசல்களோடு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். மருத்துவச் சான்று, விசா என்ற நிபந்தனைகளை 2021-லேயே எடுத்துவிட்டார்கள். புத்தகம் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பக்கத்தைத் திருப்பி, ஏ-க்கு எதிரே முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் எழுத்துகள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பாங்காக் போய்ப் பார்த்துப் பயனில்லை. மொத்தத்தில் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

ஐ.டி.பி. ஒரு வருடம் செல்லும். அது தனியாகச் செல்லாது. இந்திய லைசென்ஸ் அட்டையும் கையில் இருக்க வேண்டும். போனில் டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் நகல் நம் ஊர் போலீஸிடம் காட்டத்தான்.

கேள்வி: என்னிடம் பைக் லைசென்ஸ் இருக்கிறது, ஐ.டி.பி.யும் ஏ முத்திரையோடு எடுத்துவிட்டேன். வியட்நாமில் ஹா ஜியாங் மலைப்பாதையை பைக்கில் சுற்றத் திட்டம். எல்லாம் சரிதானே? - வாசகர், மதுரை

உங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை, ஆனாலும் வியட்நாமில் அந்தப் புத்தகம் செல்லாது. அவர்கள் இருப்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தில். அந்த ஒப்பந்தத்தின்படி தரப்படும் ஐ.டி.பி.யைத்தான் ஏற்பார்கள். நம் ஐ.டி.பி. 1949 ஒப்பந்தத்தின்படி வருவது. ஏஜென்ட்கள் இதைச் சொல்வதில்லை, பலருக்குத் தெரிவதுமில்லை.

2025 ஜனவரி 1 முதல் அபராதமும் கூடிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் 125 சிசி வரை ஓட்டினால் 20 முதல் 40 லட்சம் டாங். அதற்கு மேற்பட்ட சிசி என்றால் 60 முதல் 80 லட்சம் டாங். 300 டாங் கிட்டத்தட்ட ஒரு ரூபாய் என்று வைத்தால், பெரிய பைக்குக்கு 20,000 ரூபாயைத் தாண்டும். இன்ஷூரன்ஸ் சிக்கல் மேலே சொன்னதேதான். போதாததற்கு அங்கே போக்குவரத்து வலது பக்கம். மலை வளைவில் எதிரே லாரி வரும்போது கை பழக்கத்தில் இடப்பக்கம் ஒதுங்கும், அது நேராக லாரியின் முன்னால் கொண்டு போகும்.

பயணத்தைக் கைவிட வேண்டாம். ஹா ஜியாங்கில் 'ஈஸி ரைடர்' என்று உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு உண்டு. கூடுதல் செலவுதான், ஆனால் மா பி லெங் கணவாயைக் கண்ணாரப் பார்ப்பது பின்சீட்டில் இருப்பவர்தான். சொந்தமாக ஓட்டியே ஆக வேண்டுமென்றால், 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கும் 4 கிலோவாட் வரையுள்ள மின்சார ஸ்கூட்டருக்கும் அங்கே லைசென்ஸ் தேவையில்லை. ஊருக்குள் சுற்ற அது போதும், மலைக்கு ஆகாது.

கேள்வி: மூன்று வருடம் செல்லும் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' ஆன்லைனில் விற்கிறார்களே? - வாசகி, கோவை

வாங்காதீர்கள். அது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு அட்டை, அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. இந்திய ஐ.டி.பி. ஒரு வருடத்துக்கு மேல் கிடையாது. அதிக வருடம் சொன்னாலே விலகிவிடுங்கள்.

கேள்வி: எல்லா ஆவணமும் சரியாக இருக்கிறது. வண்டி எடுக்கும்போது கடையில் எதைக் கவனிக்க வேண்டும்? - வாசகர், சேலம்

பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். நகலும் 2,000, 3,000 பாட் ரொக்கமும் தருகிறேன் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. பாஸ்போர்ட் அவர்கள் மேஜையில் இருக்கும்வரை, திருப்பித் தரும்போது அவர்கள் சொல்லும் கீறல் விலைதான் விலை.

வண்டியை வெயிலில் நிறுத்தி, கடைக்காரர் முன்னிலையிலேயே வீடியோ எடுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் கண்ணில் படாத இடங்களில்தான்: பிரேக் லிவரின் நுனி, கண்ணாடியின் பின்புறம், முன் மட்கார்டின் கீழ் விளிம்பு, சைலன்சர் மூடி, கால் வைக்கும் பலகையின் அடிப்பக்கம். குனிந்து அடியிலும் எடுங்கள். மீட்டரில் பெட்ரோல் அளவும் வீடியோவில் விழட்டும். பிறகு முன் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். லிவர் கைப்பிடியைத் தொடும் அளவு போனால் வேறு வண்டி கேளுங்கள். வண்டி திருடு போனால் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தாளில் இருக்கும், கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.