சூப்பர் விசாவும் மருத்துவக் காப்பீடும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கனடாவில் குடியேறிய பிள்ளைகளிடம் நீண்ட நாள் தங்கப் போகும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் உரியது சூப்பர் விசா. அதற்குக் கட்டாயமான மருத்துவக் காப்பீடு பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பவர் ஒருவரின் கேள்வியும் இதில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: மகன் மிசிசாகாவில் இருக்கிறான். நானும் மனைவியும் சூப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறோம். இங்கேயே ஒரு பெரிய கம்பெனியில் ஒரு வருடத்துக்குப் பயணக் காப்பீடு எடுத்து வைத்திருக்கிறேன். அது போதும்தானே?

போதாது. சூப்பர் விசாவுக்கான காப்பீடு குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு இருக்க வேண்டும். நீங்கள் கனடாவுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். சிகிச்சை, ஆஸ்பத்திரி அனுமதி, தாயகம் திருப்பி அனுப்பும் செலவு மூன்றும் அதில் அடங்கியிருக்க வேண்டும். முன்பெல்லாம் கனடிய நிறுவனத்தின் பாலிசியை மட்டுமே ஏற்றார்கள். 2025 ஜனவரி 28 முதல் வெளிநாட்டு நிறுவனத்தின் பாலிசிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நிறுவனம் ஓ.எஸ்.எஃப்.ஐ. என்னும் கனடிய மத்திய நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தின் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். பாலிசியும் அதன் கனடிய வியாபாரத்தின் பகுதியாகத் தரப்பட்டிருக்க வேண்டும். கும்பகோணத்துக் கிளையில் வாங்கிய பாலிசி இந்த இரண்டாவது நிபந்தனையில் தோற்றுவிடும். பயணம் தொடங்குமுன் அதை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா என்று இன்றே கேளுங்கள். புதிய பாலிசியை மகனே அங்கு உரிமம் பெற்ற ஏஜென்ட் மூலம் எடுக்கட்டும்.

விலைக் குறிப்பை, அதாவது 'கோட்' காகிதத்தை மட்டும் இணைத்தால் ஏற்க மாட்டார்கள். பிரீமியம் முழுவதும் கட்டியிருக்க வேண்டும், அல்லது முன்பணம் கட்டித் தவணைத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். தவணையில் ஒரு மாதம் மகனின் கிரெடிட் கார்டு காலாவதியாகிப் பணம் போகாமல் நின்றால் பாலிசியே ரத்தாகலாம். கார்டு தேதியைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

தொடக்கத் தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாலிசி மார்ச் 1-ல் தொடங்குகிறது, நீங்கள் இறங்குவது மார்ச் 10 என்று வையுங்கள். நுழைந்த நாளிலிருந்து ஓராண்டு என்ற கணக்கில் 9 நாள் குறைகிறது. டிக்கெட் தேதி மாறியவுடன், பயணத்துக்கு முன்பே, ஏஜென்டிடம் சொல்லிப் பாலிசித் தேதியையும் மாற்றி, புதிய சான்றை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் கொடுத்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் வசதி பொதுவாக இந்தப் பாலிசிகளில் உண்டு. வாங்கும்போதே அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

வாசகி, ஸ்கார்பரோ: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வரப் போகிறா. வயது 72. பிரஷரும் சீனி வருத்தமும் (சர்க்கரை நோயும்) உண்டு, இரண்டுக்கும் குளிசை (மாத்திரை) எடுக்கிறா. ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்குக் காப்பீடு இல்லாத பாலிசி நல்ல மலிவாகக் கிடைக்கிறது. விசாவுக்கு அதுவே போதும் என்று ஏஜென்ட் சொல்கிறார். எடுக்கலாமா?

விசாவுக்கு அது போதும். ஆனால் 72 வயதில் பிரஷரும் சீனியும் உள்ள ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசரங்களில் பெரும்பாலானவை மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகம் என்று அந்த இரண்டிலிருந்தே வருபவை. அவற்றை விலக்கிய பாலிசி அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் உதவும். நெஞ்சுவலி வந்தால் கைவிரிக்கும். ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் பார்வையாளர்களுக்குக் கிடையாது. பில் முழுக்க உங்கள் பெயருக்குத்தான் வரும். கூடுதல் பணம் கட்டி, நிலையாக உள்ள பழைய வருத்தங்களையும் சேர்த்த பாலிசியை எடுங்கள்.

'நிலையாக' என்ற சொல்லைப் பாலிசியில் எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்பதை வரி வரியாகப் படிக்க வேண்டும். 'ஸ்டெபிலிட்டி பீரியட்' என்று தலைப்பு இருக்கும். 90 நாள், 120 நாள், 180 நாள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம், வயதுக்கு வயது மாறும். பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய அத்தனை நாட்களில் புதிய அறிகுறி, புதிய மருந்து, டோஸ் மாற்றம், ஆஸ்பத்திரி அனுமதி, முடிவு வராத பரிசோதனை, நிபுணரிடம் எழுதிக் கொடுத்த பரிந்துரை எதுவும் இருக்கக் கூடாது. உதாரணத்துக்கு, பாலிசி ஜூன் 1-ல் தொடங்குகிறது. காலம் 180 நாள். கணக்கு டிசம்பர் 3 வரை பின்னால் போகும். ஜனவரி 20-ல் டாக்டர் பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 ஆக்கியிருந்தால் பிரஷர் 'நிலையற்றது'. ஜூலையில் பக்கவாதம் வந்தால் கிளெய்ம் மறுக்கப்படும். டோஸைக் குறைத்தாலும் பெரும்பாலான பாலிசிகளில் அதே கதிதான். 'இப்போது பிரஷர் நல்லாத்தானே இருக்கு' என்ற வாதம் அங்கே எடுபடாது. மருந்து அதே அளவில் பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கு மாறினால் மட்டும் பல நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன.

ஆகவே அம்மாவின் முழுப் பரிசோதனையைப் பயணத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மாற்ற வேண்டிய மருந்தை அப்போதே மாற்றிவிடட்டும். கடைசி மாதங்களில் டோஸ் மாற்ற வேண்டிய நிலை வந்தால் கிளெய்முக்குப் பயந்து மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், அல்லது 90 நாள் விதியுள்ள பாலிசியைத் தேடுங்கள்.

கேள்விப் படிவத்தை ஏஜென்ட் போனில் கேட்டு நிரப்பினால், அம்மாவையும் லைனில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஐந்து வருடத்துக்கு முன் நெஞ்சுவலி என்று ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தேன்' என்பது பிள்ளைகளுக்கு மறந்திருக்கும். கிளெய்ம் வந்ததும் நிறுவனம் ஊர் டாக்டரிடமிருந்து பதிவேடுகளைக் கேட்டு வாங்கும். படிவத்தில் ஒரு பதில் தவறாக இருந்தால், அந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாத கிளெய்மையும் மறுத்துப் பாலிசியைச் செல்லாது என்று சொல்ல இடம் உண்டு. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் குளிசை வாங்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தி, தேதியும் டோஸும் எழுதிய சீட்டுகளை வரிசையாக ஒரு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். டோஸ் மாறவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கப் போகும் ஆதாரம் அதுதான்.

பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமானால் டிடக்டிபிளை, அதாவது முதலில் உங்கள் கையிலிருந்து கட்டும் தொகையை, 1,000 டாலர் போல வைத்துக்கொள்ளுங்கள். அது தாங்கக்கூடிய இழப்பு. பழைய வருத்தங்களை விலக்கி மிச்சம் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வாசகர், மார்க்கம்: அப்பா, அம்மா சூப்பர் விசாவில் வந்து நான்கு மாதம் ஆகிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை மட்டும் இருக்கிறது, தேதி எதுவும் எழுதவில்லை. ஐந்து வருடம் இருக்கலாம்தானே? நீட்டிப்பது எப்படி?

விசாவின் ஆயுள் வேறு, தங்கும் அனுமதி வேறு. 2022 ஜூலை 4 முதல் சூப்பர் விசாவில் ஒவ்வொரு நுழைவுக்கும் ஐந்தாண்டு வரை தங்கலாம். ஆனால் நுழையும்போது அதிகாரி அந்தத் தேதியை எழுதியிருக்க வேண்டும், அல்லது 'விசிட்டர் ரெக்கார்ட்' என்ற தாளைத் தந்திருக்க வேண்டும். தேதி இல்லாத முத்திரைக்குப் பொதுவான பொருள் ஆறு மாதம். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் பாருங்கள், கவருக்குள் மடித்த தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் ஐந்தாண்டு என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உங்களுக்கு மீதி இருப்பது இரண்டு மாதம்தான். அதற்குள் நீட்டிப்பு மனு போட்டுவிடுங்கள். இனி வருபவர்கள் கவுன்டரிலேயே 'சூப்பர் விசா' என்று வாய்விட்டுச் சொல்லித் தேதியைச் சரிபார்த்த பிறகே நகர வேண்டும்.

கனடாவுக்குள் இருந்தபடியே ஒரு தடவைக்கு இரண்டாண்டு வரை நீட்டிப்புக் கேட்கலாம். மனு ஆன்லைனில். கட்டணம் ஆளுக்கு 100 டாலர். அனுமதி முடிய 30 நாளுக்கு முன்பே போடச் சொல்கிறார்கள். காலத்தோடு போட்டுவிட்டால் முடிவு வரும் வரை சட்டப்படி தங்கியிருக்கலாம். தேதி தாண்டிவிட்டால் 90 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு அந்தஸ்தை மீட்கும் மனு போட வேண்டும். அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

மனுவோடு நடப்பிலுள்ள காப்பீட்டுச் சான்றையும் பணம் கட்டிய ரசீதையும் இணையுங்கள். இரண்டு மாதத்தில் முடியும் பாலிசியை வைத்து இரண்டாண்டு கேட்டால் மனு பலவீனமாகத் தெரியும். முதலில் பாலிசியைப் புதுப்பியுங்கள், பிறகு மனுவைப் போடுங்கள். கணவன் மனைவிக்குத் தனித்தனிச் சான்று வேண்டும்.

வாசகர், பிராம்ப்டன்: வந்த முதல் வருடத்தில் அப்பாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பெனி கட்டிவிட்டது. பாலிசி அடுத்த மாதம் முடிகிறது. அதே கம்பெனியில் புதுப்பித்தால் இதயத்துக்கும் தொடர்ந்து காப்பீடு உண்டா?

பெரும்பாலும் இல்லை. 'ரினியூவல்' என்று பெயர் சொன்னாலும் இரண்டாம் ஆண்டு பாலிசி பொதுவாகப் புது ஒப்பந்தம். அதன் தொடக்க நாளில் அப்பாவின் இதய நோய் 'ஏற்கெனவே உள்ள நோய்' ஆகிவிடும். ஸ்டெபிலிட்டி நாட்கள் புதிதாக எண்ணப்படும். ஸ்டென்ட்டுக்குப் பின் மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது வழக்கம் என்பதால் 180 நாள் எளிதில் கிடைக்காது. சில கம்பெனிகள் இதயத்துக்கான பிரிவையே அவருக்குத் தராது.

பாலிசி முடியும் முன்பே அதே கம்பெனியில் புதுப்பியுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டாலும் புது நோய்களுக்குக்கூட 48 மணி, 72 மணி நேரம் என்று காத்திருப்புக் காலம் வந்துவிடும்; வயது மிகுந்தவர்களுக்கு அது நாள் கணக்கில் நீளும். கார்டியாலஜிஸ்டிடம் கடைசி மருந்து மாற்றத் தேதியை எழுதி வாங்கி, எந்த நாளிலிருந்து இதயம் மறுபடி காப்பீட்டுக்குள் வரும் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த இடைக்காலத்தை அப்பா ஊரில், தன் டாக்டர் பக்கத்தில் கழிப்பது நல்லதா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். பாலிசி கட்டுவது அவசரச் சிகிச்சைக்கு; அவசரம் முடிந்தபின் தொடர் பரிசோதனைக்குக் கட்டாது. பயணம் செய்யும் உடல்நிலை வந்ததும் ஊருக்கு அனுப்பக் கம்பெனி முன்வந்து நீங்கள் மறுத்தால், அதன்பின் அந்த நோய்க்கு ஒரு டாலரும் தராது என்ற விதியும் பல பாலிசிகளில் உண்டு.

வாசகி, மதுரை: பல், கண்ணாடி, மாதாந்திர மாத்திரை இவற்றுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. விபத்தில் பல் உடைந்தால் ஓரளவு கிடைக்கும். கண்ணாடி இரண்டு ஜோடியும், டாக்டர் சீட்டோடு மாத்திரையும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். கண்புரை அறுவையைப் போகுமுன் முடித்துவிடுங்கள்; அது முடிந்தும் ஸ்டெபிலிட்டி நாட்கள் ஓட வேண்டும்.

வாசகர், கோவை: பேத்தி கல்யாணத்துக்காக இடையில் இரண்டு மாதம் ஊருக்கு வருகிறோம். பாலிசி என்ன ஆகும்?

சில பாலிசிகள் தாயகம் திரும்பிய நாளோடு முடிந்துவிடும். சிலவற்றில் நிறுத்தி வைத்து, திரும்பியதும் தொடரலாம். பயணத்துக்கு முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கனடாவுக்குள் ஒவ்வொரு நுழைவின்போதும் செல்லுபடியாகும் காப்பீடு கையில் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று மாதமே மிச்சமுள்ள காகிதத்தோடு கவுன்டரில் நிற்காமல், மீதியைப் பணமாகத் திரும்பப் பெற்றுப் புது ஓராண்டுப் பாலிசியோடு போவது பத்திரம். கிளெய்ம் எதுவும் செய்யாதவர்களுக்குத்தான் பொதுவாக மீதிப் பணம் கிடைக்கும். கேட்கும்போது ஊர் திரும்பிய விமான போர்டிங் பாஸ் தேவைப்படும், எறிந்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சியாங் மாய்: தாய்லாந்தில் ஓ-ஏ என்னும் நீண்டகால ஓய்வு விசாவில் இருக்கிறேன். என்னிடம் காப்பீடு கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு நண்பரும் ஓய்வுபெற்றவர்தான், அவரிடம் கேட்கவில்லை. ஏன்?

நண்பர் ஓய்வுக்கான 'ஓ' விசாவில் இருப்பார். அதன் ஆண்டு நீட்டிப்புக்குக் காப்பீடு கட்டாயமில்லை. தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டினால் போதும். ஓ-ஏ விசாவுக்கு 2019 அக்டோபர் 31 முதல் காப்பீடு கட்டாயம். அப்போது உள்நோயாளிக்கு 4 லட்சம் பாட், வெளிநோயாளிக்கு 40,000 பாட் என்று இருந்தது; 2021-ல் அதை 30 லட்சம் பாட் அல்லது ஒரு லட்சம் அமெரிக்க டாலர் என்று உயர்த்தினார்கள். வெளியே போய்த் திரும்பும்போது பாலிசியில் நான்கு மாதமே மிச்சமிருந்தால், நான்கு மாதத்துக்குத்தான் முத்திரை விழும். ஆகவே புதுப்பித்த பிறகே பயணம் போங்கள். 70 தாண்டிப் புதுப் பாலிசி எடுப்பது கடினமாகிக்கொண்டே போகும் என்பதால், உள்ள பாலிசியை விடாமல் தொடருங்கள். அது முடியாதென்றால் 'ஓ' வழிக்கு மாறுவது பற்றி இமிகிரேஷனில் கேளுங்கள். 'ஓ' வழியில் காப்பீடு கேட்கவில்லை என்பதற்காகக் காப்பீடே இல்லாமல் இருக்க வேண்டாம்.

வாசகி, ஒட்டாவா: ராத்திரி இரண்டு மணிக்கு அவசரம் என்றால் முதலில் யாரை அழைப்பது?

உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் அவசர உதவி எண் 911. ஆஸ்பத்திரிக்குப் போனதும் பாலிசி அட்டையிலுள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்கு வீட்டில் ஒருவர் பேச வேண்டும். பல பாலிசிகள் 24 மணி நேரக் கெடு வைத்திருக்கின்றன. தகவல் சொல்லாமல் ஸ்கேன், அறுவை என்று போனால் தொகையைக் குறைப்பார்கள். பேசியதும் கேஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுன்டரில் கொடுத்துக் கம்பெனிக்கே நேரடியாகப் பில் போட முடியுமா என்று கேளுங்கள். நீங்களே கட்ட நேர்ந்தால் மொத்தத் தொகை மட்டும் உள்ள ரசீது உதவாது. எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில்லையும் டாக்டரின் நோய்க் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். பாலிசி எண், உதவி எண், அம்மாவின் மாத்திரைப் பட்டியல் மூன்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது ஆம்புலன்ஸ் வந்தால் அதை உருவிக் கொடுக்க அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள்.